அறுபதில் அமைதி, தொண்ணூறில் கொதிப்பு

நேற்று நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக 90 கிலோமீட்டர் வேகத்தில் காரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். வெப்பம் காட்டும் முள் பாதிக்குச் சற்றுக் கீழே ஏறி நின்றது. அதன்பின் அசையவே இல்லை. வீடு வந்ததும் பானட்டைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு ரேடியேட்டரின் கீழ் ஹோஸை அழுத்திப் பார்த்தேன். உருண்டையாக, விறைப்பாக இருந்தது. வேகமெடுத்தால் என்ஜின் சூடாகும் கோளாறோடு போராடிய ஐந்து வாரமும் இந்த விறைப்பைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. இடையில் எங்கெங்கே வழி தவறினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

கார் 21 ஆண்டுப் பழையது. 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் இரும்பு, அதன்மேல் மூடிபோல உட்காரும் ஹெட் அலுமினியம். ரேடியேட்டர் மேலும் கீழும் தொட்டி வைத்த பழைய வகை. என்ஜினில் சூடான நீர், சூடேறினால் திறந்து வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வைத் தாண்டி மேல் ஹோஸ் வழியாக மேல் தொட்டிக்கு வரும். மெல்லிய குழாய்களில் இறங்கி ஆறும். கீழ்த் தொட்டியிலிருந்து கீழ் ஹோஸ் வழியாக வாட்டர் பம்ப் அதை உறிஞ்சி மறுபடி பிளாக்குக்குள் தள்ளும். இந்தச் சுற்று மனத்தில் இருந்தால் பின்னால் வருவது எளிதாகப் புரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்த வண்டியை வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் துருவைத் தடுக்கும் மருந்து கலந்த கூலண்ட் ஊற்றியதே இல்லை, குழாய்த் தண்ணீர்தான். நானும் குறைந்தபோதெல்லாம் அதையே ஊற்றி நிரப்பினேன்.

சிக்கல் தொடங்கியது ஒரு நீண்ட பயணத்தில். ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்தபோது முள் ஒழுங்காக இருந்தது. ஃபேன் ஓடி நின்று, ஓடி நின்று தன் வேலையைச் செய்தது. நெடுஞ்சாலையில் ஏறி 90-ஐத் தொட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முள் முக்கால் பங்குக்கு ஏறியது. பயந்து 60-க்குக் குறைத்தேன். நாலைந்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. மறுபடி 90, மறுபடி ஏற்றம். மூன்றாம் முறை சிவப்புக் கோட்டை நெருங்கியதும் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, ஓரமாக நிறுத்தினேன். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான்; அந்தக் கொஞ்சமும் உதவியது. ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அழுத்தத்தில் இருக்கும் நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் பாயும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அன்று அவசரப்படவில்லை.

மற்ற எல்லாவற்றிலும் அவசரப்பட்டேன். என்ஜின் சூடாகிறதா, தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று நானே முடிவு செய்து, அடுத்த நாளே புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். இரண்டு போல்ட், ஒரு கேஸ்கெட், முக்கால் மணி நேர வேலை. பழையதைச் சோதிக்கவே இல்லை. புதியது மாட்டியபின் கதை இன்னும் மோசமானது. இப்போது வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே முள் திடீரென ஏறியது, சட்டென இறங்கியது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றே நினைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

உண்மையில் அந்தப் புதுக் கோளாறு நான் உண்டாக்கியது. தெர்மோஸ்டாட்டின் தட்டில் ஒரு சிறு துளையும் அதில் ஆடும் ஓர் ஊசியும் இருக்கும். காற்று வெளியேறுவதற்கான வழி அது. அந்தத் துளை மேல்பக்கம் வரும்படி மாட்ட வேண்டும். நான் பக்கவாட்டில் வைத்திருந்தேன். தண்ணீரையும் மடமடவென்று ஊற்றி நிரப்பியிருந்தேன். உள்ளே காற்று சிக்கிக்கொண்டது. கழற்றித் திருப்பி மாட்டினேன். வண்டியின் மூக்கு மேடாக இருக்கும்படி சரிவில் நிறுத்தினேன். குளிர்ந்த நிலையிலேயே மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரைச் சூட்டில் திருப்பிவிட்டு என்ஜினை ஓடவிட்டேன். குமிழிகள் வரவர நீர் மட்டம் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை பொறுத்திருந்தேன். மொத்தம் 35 நிமிடம். உள்ளே போன நீர் கூடுதலாக 1.2 லிட்டர். அவ்வளவு காற்று உள்ளே இருந்திருக்கிறது.

அதன்பிறகுதான் பழைய தெர்மோஸ்டாட்டைச் சோதித்தேன். பாத்திரத்தில் தண்ணீர், அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட், பக்கத்தில் ஒரு வெப்பமானி. விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. 83 டிகிரியில் வாய் திறக்கத் தொடங்கியது, 95-இல் 9 மி.மீ. திறந்திருந்தது. ஒரு குறையும் இல்லை. வாங்குவதற்கு முன் இருபது நிமிடம் செலவழித்திருந்தால் ஒரு பாகமும் ஒரு கேஸ்கெட்டும் இரண்டு நாள் கவலையும் மிச்சம்.

ஹெட் கேஸ்கெட் பயம் மட்டும் போகவில்லை. அதைத் தீர்த்துக்கொள்ள, எரிந்த வாயுவின் கசிவைக் காட்டும் நீல நிறத் திரவத்தை இரவல் வாங்கினேன். ரேடியேட்டரின் வாயில் ஒரு கண்ணாடிக் குழலை வைத்து, உள்ளே மிதக்கும் காற்றைப் பந்து பம்பால் அந்தத் திரவத்துக்குள் இழுக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு நீருக்குள் கசிந்தால், அதிலுள்ள கரியமில வாயு திரவத்தை மஞ்சளாக்கிவிடும். நீர் மட்டத்தை நான்கு விரற்கடை குறைத்துக்கொண்டு செய்ய வேண்டும். நீர் குழலுக்குள் ஏறினால் சோதனை கெட்டுவிடும். இரண்டு நாள், இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம் செய்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. ஆயில் குச்சியிலும், ஆயிலில் நீர் கலந்தால் வரும் பால் நிறம் இல்லை. நிம்மதியாக அந்தப் பக்கத்தை மூடினேன்.

இந்த நேரத்தில்தான் முப்பது ஆண்டுக்கு மேல் பட்டறை வைத்திருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் பேசினேன். ஃபேன் சுவிட்சை மாற்றலாமா என்று கேட்கத்தான் போனேன். "தம்பி, வண்டி எப்போது சூடாகிறது? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். "ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்துவிடுகிறது. அங்கே ஃபேனுக்கு என்ன வேலை? நின்றால் சூடாகும் வண்டிக்குக் காற்று போதவில்லை. ஓடினால் சூடாகும் வண்டிக்குத் தண்ணீர் போதவில்லை. தண்ணீர் போகிற வழியைப் பாருங்கள்." என் ஐந்து வாரத்தில் பயனுள்ள பேச்சு இதுதான். நெரிசலில் ஒழுங்காக இருந்த முள் முதல் நாளிலேயே இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

வழியைப் பார்ப்பதற்கு அகச்சிவப்பு வெப்பமானி வாங்கினேன். அதிலும் ஒரு பாடம். தெர்மோஸ்டாட் உறையின் பளபளப்பான அலுமினியத்தில் குறிவைத்தால் 61 டிகிரி என்றது. ஒட்டியிருக்கும் ரப்பர் ஹோஸில் 86 என்றது. பளபளக்கும் உலோகம் தன் வெப்பத்தைக் குறைவாகவே வெளிவிடும், சுற்றியுள்ளவற்றின் வெப்பத்தைத்தான் திருப்பிக் காட்டும். ஒரு சதுர அங்குலம் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன்மேல் குறிவைத்தேன். 87. அன்றிலிருந்து அளக்கும் இடமெல்லாம் கறுப்பு டேப்தான். நெடுஞ்சாலையில் முள் முக்காலுக்கு வந்தபோது நிறுத்தி அதே டேப்பில் அளந்தேன்: 106. அப்படியானால் முள் பொய் சொல்லவில்லை, என்ஜின் உண்மையிலேயே சூடாகிறது.

அடுத்து ரேடியேட்டரின் முகத்தை ஆறு பத்தியாக, நான்கு வரிசையாகப் பிரித்து 24 இடங்களில் அளந்து ஒரு தாளில் எழுதினேன். ஃபேன் ஓடத் தொடங்குவதற்குச் சற்று முன், என்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது. முதல் நான்கு பத்திகளில் மேலிருந்து கீழாக 84, 80, 76, 72 என்று சீராக இறங்கியது. ஐந்தாவதும் ஆறாவதும் இரண்டாம் வரிசையிலேயே 58-க்கும் 51-க்கும் விழுந்தன. சூடான நீர் அங்கே இறங்கவே இல்லை. மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் அடைத்துக் கிடக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன்.

ரேடியேட்டரைக் கழற்றினேன். 10 மி.மீ. ஸ்பேனரில் நான்கு போல்ட், இரண்டு கிளிப், ஃபேனின் மின்இணைப்பு. முதலில் ஐந்து லிட்டர் நீரை மேலே ஊற்றி, கீழே வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன்: 41 வினாடி. பிறகு கீழ் வாயிலிருந்து தோட்டக் குழாயால் எதிர்த்திசையில் அடித்தேன். பழுப்பு நீர் வந்தது, கூடவே சின்னச் சின்னத் துருச் செதில்கள். ஒன்றை எடுத்து நகத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். அரிசிப் பருமன்கூட இல்லை. வெட்டிப்போட்ட நகத்துண்டு போல மெல்லிதாக வளைந்திருந்தது. பிளாக்கின் உட்சுவரிலிருந்து உதிர்ந்த துரு என்று நினைத்து உதறிவிட்டேன். வளைவு ஏன் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

சிட்ரிக் அமிலத்தை வெதுவெதுப்பான நீரில் லிட்டருக்கு 50 கிராம் வீதம் கரைத்து ஊற்றி, 40 நிமிடம் ஊறவைத்து, இரு திசையிலும் அலசினேன். இதையே இரண்டாம் முறையும். அதே ஐந்து லிட்டர் இப்போது 24 வினாடியில் வடிந்தது. மாட்டி அளந்தால் ஆறு பத்திகளுக்கும் இடையே ஆறு டிகிரிக்கு மேல் வேறுபாடு இல்லை. அவ்வளவு அழகான எண்கள்.

நெடுஞ்சாலையில் 90-இல் முன்பு 12 நிமிடம் தாங்கிய வண்டி இப்போது 25 நிமிடம் தாங்கியது. பிறகு ஏறியது.

பாதி குணம் தெரிந்ததுதான் என்னை மிகவும் குழப்பியது. செய்தது தவறு என்றால் ஒன்றும் மாறியிருக்கக் கூடாது. சரி என்றால் முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. இன்னொன்றும் சேர்ந்து இருக்கிறது என்று அமைதியாக யோசிக்காமல், வாட்டர் பம்பின் இறக்கை அரித்துப் போயிருக்கும் என்று அடுத்த தாவல் தாவினேன். புது பம்பை வாங்கிவிட்டுத்தான் பழையதைக் கழற்றினேன். பெல்ட், கப்பி, குறுகலான இடத்தில் ஒளிந்திருக்கும் ஒரு 12 மி.மீ. போல்ட், பிளாக்கில் ஒட்டிக்கொண்ட பழைய கேஸ்கெட்டைப் பிளேடால் சுரண்டியது என்று ஐந்தரை மணி நேரம். வெளியே வந்த பம்பில் இறக்கைகள் முழுசாக இருந்தன. அச்சில் ஆட்டம் இல்லை. கசிவுத் துளை காய்ந்திருந்தது. கழற்றியது கழற்றியாகிவிட்டதே என்று புதியதை மாட்டினேன்.

பம்பைக் கழற்ற முதலில் கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டும். அதை என் கையால் கழற்றி, துணியால் துடைத்து, ஓரமாக வைத்து, ஐந்தரை மணி நேரம் கழித்து எடுத்து அப்படியே மாட்டினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கோளாறு என் கைக்குள் வந்து போயிற்று. இன்றும் அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது.

கடைசியில் அதைக் காட்டிக்கொடுத்தது பார்வைதான். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி நன்றாகச் சூடாக்கினேன். ஓடும் வேகத்தில் என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றால் நின்றபடியே சுற்றைக் கூட்ட வேண்டும். தங்கையை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கியரை நியூட்ரலில் வைத்துக் கைப் பிரேக்கை இழுத்துவிட்டு, என்ஜினை முதலில் நிமிடத்துக்கு 2,000, பிறகு 3,000 சுற்றில் பிடிக்கச் சொன்னேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, பெல்டுக்கும் ஃபேனுக்கும் ஒரு கை தூரம் தள்ளி நின்று டார்ச் அடித்தேன்.

2,000-இல் கீழ் ஹோஸின் நடுப்பகுதி லேசாகக் குழிந்தது. 3,000-இல் உறிஞ்சுகிறவரின் கன்னம் ஒட்டிப்போவது போல இரண்டு பக்கமும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. "அண்ணா, இன்னும் பிடிக்க வேண்டுமா?" என்று தங்கை கேட்டது காதில் விழுந்தும் பதில் சொல்ல வரவில்லை. அவள் காலை எடுத்ததும் ஹோஸ் மெல்ல உப்பிப் பழைய உருவத்துக்கு வந்தது. மறுபடி பிடிக்கச் சொன்னேன். மறுபடி ஒட்டியது. கைபேசியைத் தாங்கியில் நிறுத்தி, ஹோஸுக்குப் பின்னால் ஒரு இரும்பு அளவுகோலைக் கட்டிப் படம் எடுத்துப் பார்த்தேன். 38 மி.மீ. விட்டம் இருந்த ஹோஸ் 3,000 சுற்றில் 14 மி.மீ.க்குத் தட்டையாகியிருந்தது. நெடுஞ்சாலையில் 90-இல் என் வண்டியின் என்ஜின் ஓடுவது ஏறக்குறைய அந்தச் சுற்றில்தான். பம்ப் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறதோ அவ்வளவு இறுக்கமாகத் தன் வழியையே அடைத்துக்கொண்டிருக்கிறது. 60-க்கு வந்தால் வழி திறந்துவிடும், வண்டி ஆறிவிடும்.

ஹோஸ் ஏன் ஒட்டுகிறது? குளிர்ந்தபின் கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருந்திருக்கிறது. உறிஞ்சலில் சுவர் ஒட்டாமல் தாங்குவதற்காக வைத்தது. மேல் முனையில் மூன்று சுற்று மட்டும் மிச்சம், அதுவும் கறுத்து, விரலால் நெருடினால் நொறுங்கியது. மற்ற இடமெல்லாம் சுருளின் தடம் ரப்பரில் பழுப்புக் கோடாகப் பதிந்திருந்தது, கம்பி இல்லை. நொறுங்கிய துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்தேன். நகத்துண்டு போல மெல்லிய வளைவு. ரேடியேட்டரிலிருந்து வந்த அதே செதில். ஸ்பிரிங் துருவாக உதிர்ந்து, பம்ப் வழியாகப் பிளாக்கைச் சுற்றி, மேல் ஹோஸில் ஏறி, மேல் தொட்டியில் விழுந்து, குழாய் வாய்களில் சிக்கியிருக்கிறது. அடைப்பு கூடக்கூட பம்ப் இன்னும் கடுமையாக உறிஞ்சியிருக்கும். தாங்க ஸ்பிரிங் இல்லாத ஹோஸ் அதற்கு ஏற்ப ஒட்டியிருக்கும். நான் ரேடியேட்டரை அலசியதில் பாதி குணம் கிடைத்த கணக்கு அங்கே நேராகியது. ஆண்டுக்கணக்கில் ஊற்றிய குழாய்த் தண்ணீரில் துருவைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை. அதில் என் பங்கு இரண்டு ஆண்டு.

மூன்றாவது கண்ணியும் ஒன்று இருந்தது. ரேடியேட்டர் மூடி. அமைப்பு முழுவதும் அழுத்தத்தில் இருந்தால் அந்த அழுத்தமே ஹோஸை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும். என் மூடியில் 0.9 பார் என்று பொறித்திருந்தது. கைப்பம்பு வைத்த சோதனைக் கருவியில் மாட்டினால் 0.3-இலேயே விட்டுவிட்டது. ரப்பர் வளையம் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. ஐந்து வாரத்தில் முப்பது முறையாவது அதைத் திறந்து மூடியிருப்பேன். ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. வெறும் தண்ணீர், வெளிக்காற்றைவிட 0.9 பார் கூடுதல் அழுத்தத்தில் 119 டிகிரிவரை கொதிக்காது, 0.3-இல் 107-இலேயே கொதித்துவிடும். சாலையோரத்தில் நான் அளந்த 106 எவ்வளவு விளிம்பில் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. எது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, ஹோஸைப் பிளப்பதற்கு முன்பே புது மூடியை மட்டும் போட்டு ஓட்டிப் பார்த்திருந்தேன். 3,000 சுற்றில் ஹோஸ் 14-க்குப் பதிலாக 25 மி.மீ.யில் நின்றது. உதவிதான், போதவில்லை.

வாங்கிய புது ஹோஸ் ஸ்பிரிங் இல்லாமல் வந்தது. சுவர் தடிமனாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, 2 மி.மீ. தடிமன், 31 மி.மீ. வெளிவிட்டம், சுற்றுக்குச் சுற்று 10 மி.மீ. இடைவெளி என்று ஒரு ஸ்பிரிங் சுற்றி வாங்கினேன். ஹோஸின் உள்விட்டம் 32. முதலில் சுற்றியது விறைப்பாக இருந்ததால் வளைவில் இறங்கவில்லை. இடைவெளியை 12 ஆக்கி மறுபடி சுற்றியதும் திருகித் திருகி உள்ளே போயிற்று. வழுக்குவதற்குக் கூலண்டைத்தான் தடவினேன். கிரீஸும் ஆயிலும் இந்த வகை ரப்பரை உப்பவைத்துக் கெடுத்துவிடும்.

கூலண்ட் ஊற்றுவதில் ஒரு கணக்கு உண்டு. எவ்வளவு வடித்தாலும் பிளாக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். என் வண்டியில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். பாதிக்குப் பாதி கலந்ததை ஊற்றினால் உள்ளே அது இன்னும் நீர்த்துப்போகும். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்பதால், கலக்காத கூலண்ட் இரண்டரை லிட்டரை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினேன். கீழே வழிந்ததைத் துடைத்து, தகரத்தில் பிடித்து மூடி வைத்தேன். கூலண்ட் இனிப்பாக இருக்கும். நாய் நக்கினால் அதன் சிறுநீரகம் போய்விடும்.

மொத்தம் 31 மணி நேரம் வேலை செய்திருக்கிறேன். அதில் கோளாறைத் தீர்த்த வேலை, ரேடியேட்டர் அலசியதையும் சேர்த்து, எட்டு மணி நேரம். தெர்மோஸ்டாட்டுக்கும் பம்புக்கும் கொடுத்த பணத்தில் நான்கில் ஒரு பங்குகூட மூடிக்கும் ஹோஸுக்கும் ஸ்பிரிங்குக்கும் ஆகவில்லை. இனி ஒரு வண்டி சூடானால் முதலில் மூடியைத் திருப்பிப் பார்ப்பேன், கீழ் ஹோஸைக் குளிர்ந்த நிலையில் அழுத்திப் பார்ப்பேன், சூடானபின் 3,000 சுற்றில் அதைக் கண்ணால் பார்ப்பேன். மூன்றுக்கும் ஸ்பேனர் தேவையில்லை. அதன்பின் வெப்பமானியும் கறுப்பு டேப்பும். எதையும் சோதிக்காமல் வாங்க மாட்டேன்.

நேற்றைய ஓட்டத்துக்குப் பிறகு வண்டி ஆறியதும் கிளிப்புகளை மறுபடி முறுக்கினேன். முதல் முறை சூடாகி ஆறும்போது ரப்பர் கொஞ்சம் அமுங்கும். மேல் கிளிப் அசையவில்லை. கீழ்க் கிளிப் அரைச் சுற்று வாங்கியது. அதற்கடியில் ஒரு சொட்டுப் பச்சைக் கறை காய்ந்திருந்தது. துடைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை அடியில் விரித்து வைத்தேன். இன்று காலை பார்த்தேன். தாள் காய்ந்திருக்கிறது.